‘ட’ வராத திருடன்

பரமத்தி வேலூருக்கு மேற்கே, வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைத் தோப்புக்கும் நடுவில் இருந்த நாச்சிமுத்துவின் கிணற்றை முந்தாநாளிலிருந்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். பாசனத்துக்காக இல்லை. அடியில் ஓர் ஆட்டுக்கிடா கிடக்கிறதா என்று பார்ப்பதற்காக.

குணசீலன் கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான்.

“மேடம், ஒரு பிளாஸ்டிக் கொடம் இருக்குதுங்க. ஒத்தச் செருப்பு இருக்குது. தவளைங்க நெறையா. கெடா மட்டும் இல்லீங்க.”

“தவளைங்ககிட்ட விசாரிச்சியா?” என்றாள் அக்சிலியா.

“வக்கீல் வந்தாத்தான் வாயத் தெறப்பாங்களாமுங்க.”

அக்சிலியா சிரிக்கவில்லை. சேலம் அரிசிப்பாளையத்தில் ‘கழுகுக்கண் துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டுவதற்கு முன்னால் அவள் கான்வென்ட் பள்ளியில் தமிழ் டீச்சர். பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவர்களைப் பிடித்த அனுபவமே அவளுடைய மூலதனம். குணசீலன் அதற்கு முன்னால் போர்வெல் ரிக் வண்டியில் ஊர் ஊராகத் துளை போட்டவன். பூமிக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவான். பூமிக்கு மேல் தொலைந்துபோன எதையும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. போன மாதம் ஒரு ஸ்கூட்டி காணாமல் போன கேஸில் இருவரும் ராசிபுரம் வரை அலைந்தார்கள். ஸ்கூட்டியோ சொந்தக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையில், சாக்குக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது காணாமல் போயிருப்பது கலெக்டர். மேச்சேரி இனத்துச் செம்மறிக் கிடா. தாயில்லாக் குட்டியாக வந்ததை நாச்சிமுத்து பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தார். நடையில் ஒரு மிடுக்கு, யாரையும் நிமிர்ந்து பார்க்காத ஒரு பார்வை. அதனால் அந்தப் பேர். ‘கலெக்டரக் காணமுங்க’ என்று நாச்சிமுத்து ஸ்டேஷனில் போய் நின்றபோது, ஏட்டு எழுந்து தொப்பியைத் தேடியதாகக் கேள்வி.

மகள் யுவஸ்ரீக்கு நர்சிங் சீட்டு கிடைத்தால் கலெக்டரைக் கருப்பணாருக்குக் கொடுத்துவிடுவதாக வேண்டுதல். சீட்டு கிடைத்தது. வெள்ளிக்கிழமை கிடா வெட்டு என்று ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம் எல்லாம், முன்கூட்டியே வந்து இறங்கியாயிற்று. அவர்கள் வந்த அன்றைக்கே கலெக்டர் மாயம். மறுநாள் காலையில் நாச்சிமுத்துவின் மனைவி வள்ளியாத்தாளுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு ஃபோன்; திரும்ப அழைத்தால் ஸ்விட்ச் ஆஃப்.

அந்தக் குரல் செல்ஃபோனில் பதிவாகியிருந்தது. வாசலில் எல்லோரும் கூடி நிற்க, வள்ளியாத்தாள் இன்னொரு முறை ஓடவிட்டாள். நடுவயதைத் தொடாத ஓர் ஆணின் குரல். பின்னால் ஏதோ கடகடவென்ற சத்தம்.

“கெதாவத் தேதாதீங்க. சாமி சத்தியமா ஒரு ஊத்துல நல்லா இருக்குது. கஷ்தப்பத வேந்தாம். ஆலு வித்தும் தேத வேந்தாம்.”

அவ்வளவுதான்.

இந்த நாலு வரிக்கு ஊரே பொழிப்புரை எழுதியிருந்தது. ‘ஊத்துல’ என்றால் ஊற்றில், ஆகவே கிணற்றை இறைத்தார்கள். ‘ஆலு’ என்றால் ஆலமரம், ஆகவே காவிரிக்கரை ஆலமரத்தில் ஒருவரை ஏற்றினார்கள். ‘வேந்தாம்’ என்பது ஆள் பெயராக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஊரில் வேந்தன் என்ற பெயரில் இருந்த ஒரே மனிதர், பஞ்சர் கடைக்காரர், கடையைப் பூட்டிக்கொண்டு கரூருக்கே போய்விட்டார். ‘கெதா’ மட்டும் கடைசி வரை சண்டையில் இருந்தது. அனுமார் கையில் இருப்பது என்று ஒரு கட்சி.

“ஸாமி காரியமுங் அம்மிணி,” என்றார் நாச்சிமுத்துவின் அண்ணன் ராசப்பன். புதிதாகப் பல்செட் கட்டியவர். சகரம் வந்தால் விசில் அடிக்கும். “வெள்ளிக்கெழமைக்குள்ள கெடா வந்தாகோணும். வேண்டுன கெடாவக் குடுக்காம உட்டா நம்ம குடும்பத்துக்கு ஆகாது. ஸட்டுனு கண்டுபுடிங்க.”

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குணசீலன் அக்சிலியாவின் காதருகே குனிந்தான். “மேடம், கேஸ் முடிஞ்சுது. பல்செட்டு. வாயில புதுசா ஒரு சாமான் மாட்டுனா பேச்சு கொழறுமுங்க. பெரியவருதான் கடத்தியிருக்காரு. வெலங்கு எடுத்துட்டு வாரட்டுங்களா?”

“நம்மகிட்ட விலங்கு இருக்கா?”

“இல்லீங்க. கயிறு இருக்குது.”

அக்சிலியா பதிவை இன்னொரு தடவை கேட்டாள். பிறகு அவனை வாழைத் தோப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“கெடா, தேடாதீங்க, வேண்டாம், ஆளு, விட்டு. எந்தெந்த எழுத்து உடைஞ்சிருக்கு?”

“ட... ண... ள.”

“ஊத்து இல்ல குணா, ஊட்டு. ‘ஒரு ஊட்டுல நல்லா இருக்குது’ன்னு சொல்றான்.”

குணசீலன் கிணற்றைத் திரும்பிப் பார்த்தான். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. “அப்ப அந்தத் தவளைங்க நிரபராதிங்க.”

“பெரியவருக்கு ‘ச’தான் நழுவுது. ‘ட’ கல்லு மாதிரி விழுது. இவனுக்கு ‘சாமி சத்தியமா’ சுத்தம், ‘ட’ மட்டும் விழல. ‘ட’ சொல்லிப் பாரு. நாக்கு எங்க போகுது?”

“ட. ட. ட.” அந்த வழியாகச் சைக்கிளில் போனவர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். “மேல மடங்கிப் போயி, அண்ணத்துல முட்டுதுங்க.”

“ண, ள, எல்லாம் அங்கதான். இவன் நாக்கு முட்டற இடத்துல ஏதோ வழி மறிச்சுக்கிட்டு நிக்குது. அது என்னன்னு தெரிஞ்சா ஆள் தெரிஞ்சுடும்.”

அவர்கள் நாமக்கல்லுக்கு ஸ்கூட்டரைத் திருப்பினார்கள்.

டாக்டர் ஆண்ட்ரூஸ், சேலத்தில் அக்சிலியாவின் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாடுகிறவர். மற்ற நாட்களில் நாமக்கல்லில் பல் பார்க்கிறவர். பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டார்.

“பேஷன்ட் பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்,” என்றார் முதலில்.

“பேரு வேண்டாம் டாக்டர். அந்த வாய்க்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் மாவில் வார்த்த மேல்தாடை அச்சு ஒன்றை எடுத்து, கவிழ்த்து மேஜையில் வைத்தார். “மேலண்ணத்துல ரெண்டு சின்னத் திருகு. இம்ப்ளான்ட்டுன்னு சொல்வோம். கோணல் பல்லை இழுக்கறதுக்குப் பிடிமானம் வேணும். பக்கத்துப் பல்லுல கட்டி இழுத்தா, அதுவும் சேர்ந்து நகர்ந்துடும். அதனால அண்ணத்து எலும்புலயே முளையடிச்சு, அதுல கட்டி இழுக்கறோம்.”

“காளைய மொளையில கட்டற மாதிரிங்களா?” என்றான் குணசீலன்.

“அதேதான். ஆனா முளையடிக்கத் தரை கெட்டியா இருக்கணும். அண்ணத்து எலும்பு எல்லா இடத்துலயும் ஒரே உயரம் இல்ல. முன்பல்லுக்குப் பின்னால வரி வரியா இருக்கு பாருங்க, அதைத் தாண்டினதும் நல்ல கனம். பின்னால போகப் போக, பக்கவாட்டுல போகப் போக, முட்டை ஓடு மாதிரி. இடம் தப்பினா திருகு நிக்காது. மேல மூக்குக்குள்ள எட்டிப் பார்த்துடும்.”

“எங்க தொழில்லயும் அதேதானுங்க. பாற எத்தன அடியில இருக்குதுன்னு பாக்காம பைப்ப எறக்குனா, பைப்பும் போச்சு, முதலாளி மூஞ்சியும் போச்சு.”

“நாங்க ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்.”

“நாங்க தேங்காய உருட்டிப் பாப்போமுங்க.”

அக்சிலியா அச்சின் மேல் விரலை வைத்தாள். “அப்ப எல்லாருக்கும் முன்னாலதானே போடுவீங்க. முன்னால போட்டா ர, ல எல்லாம் தடுமாறாதா? இவன் ‘நல்லா இருக்குது’ன்னு தெளிவாச் சொல்றானே.”

ஆண்ட்ரூஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரும் தன்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை என்பதுபோல் இருந்தது முகம். “நீங்க சொல்றது சரி. இந்த ஆளுக்குத் திருகு வழக்கத்தை விடப் பின்னால இருக்கு. நடுக்கோட்டுக்குப் பக்கத்துல, கனம் கொஞ்சம் மிச்சம் இருக்கற இடமாத் தேடிப் போட்டிருக்காங்க. முன்னால எலும்பு உயரம் பத்தியிருக்காது.”

“ஏன் பத்தாது?”

“அங்க வேற ஒருத்தர் குடியிருப்பார். கோரைப்பல். சில பேருக்கு அது கீழ இறங்காம அண்ணத்துக்குள்ளயே படுத்துக்கும். அதை இழுத்துட்டு வரத்தான் இந்த முளை, கம்பி எல்லாம்.”

“அது இறங்கலைன்னா, அது நிக்க வேண்டிய இடம் காலியா இருக்குமா?”

“பெரும்பாலும் பால் பல்லு விழாம அங்கேயே நிக்கும். பெரிய பல்லுங்களுக்கு நடுவுல, எல்.கே.ஜி. பையன் கல்யாண ஃபோட்டோவுல நின்ன மாதிரி.”

“வெளிய தெரியுமா?”

“சிரிச்சாத் தெரியும்.”

அக்சிலியா எழுந்தாள். வாசலுக்கு வந்ததும் குணசீலனைப் பார்த்த பார்வையில் இதுவரை இல்லாத ஒரு மரியாதை இருந்தது.

“குணா, உனக்கு இன்னைக்குத்தான் வேலை. தேடாதீங்கன்னு ஆறுதல் சொல்றவன் சொந்தக்காரனாத்தான் இருப்பான். அந்த வீட்டுல இருக்கற அத்தனை பேரையும் சிரிக்க வைக்கணும்.”

வாழ்நாள் முழுவதும் இப்படி ஓர் உத்தரவுக்காகத்தான் குணசீலன் காத்திருந்தான். ஆனால் நேரம் சரியில்லை. தோட்டத்தில் ஒறம்பரை பந்தியில் உட்கார்ந்திருந்தது. கறி விருந்துக்கு வந்தவர்களுக்கு முருங்கைக்காய் சாம்பார். அந்த முகங்களுக்கு முன்னால் போய் நின்று, அவன் தொண்டையைச் செருமினான்.

“ஏனுங்க, லாரிக்கும் மாமியாருக்கும் என்னங்க வித்தியாசம்?”

யாரும் கேட்கவில்லை.

“லாரி ஹாரன் அடிச்சுட்டு வருமுங்க.”

சாம்பார் வாளியோடு நின்ற வள்ளியாத்தாளின் மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவனைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனாள். ராசப்பன் மட்டும் உதட்டைக் குவித்து ஒரு விசில் விட்டார். அது சிரிப்பா, சாம்பாரின் சூடா என்று தெரியவில்லை. இன்னும் சில ஜோக்குகளை அவன் இறக்கிப் பார்த்தான். எல்லாம் தண்ணியில்லாத போர்.

வாடிப்போய் வாசல் படலுக்கு வந்தவனை அக்சிலியா தோளில் தட்டி நிறுத்தினாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு ஃபிளெக்ஸ் பேனரை. சந்தோஷ்குமார் – சண்முகப்பிரியா நிச்சயதார்த்தம். போன மாதம் கட்டியது, இன்னும் அவிழ்க்கவில்லை. ஓரத்தில் வட்ட வட்டமாக மாமன் மச்சான்கள். அத்தனை பேரும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளை மட்டும் உதட்டை இறுக்கி, பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றான்.

“கல்யாணம் நிச்சயமான பையன் ஏன் வாயைத் திறக்கல?” என்றாள்.

“மேடம், கல்யாணம் நிச்சயமானதுனாலதானுங்க.”

“இவர் யாருங்கம்மா?” என்று அக்சிலியா வள்ளியாத்தாளைக் கேட்டாள்.

“எங்கூட்டுக்காரரு தங்கச்சி பையனுங்க அம்மிணி. வெண்ணந்தூர்ல தறி ஓட்டறான். கல்யாணத்துக்கு முன்னால பல்லுக்கு வைத்தியம் பாக்கறான்னு சொன்னாங்க. கெடா வெட்டுக்குக்கூட வாரலீங்க. வேல எச்சாம், தறிய நிறுத்த முடியாதாம்.”

குணசீலனுக்கு அந்தப் பதிவின் பின்னால் கேட்ட கடகட சத்தம் ஞாபகம் வந்தது. தறிச் சத்தம். சொல்ல வாயெடுப்பதற்குள் அக்சிலியா ஸ்கூட்டரை உதைத்துவிட்டாள்.

வெண்ணந்தூரில் சந்தோஷ்குமாரின் தறிக் கொட்டாய், தெருவே அதிரும்படி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தவன் நெடுநெடுவென்று இருந்தான். பருத்திப் பஞ்சு தலையெல்லாம். அக்சிலியா சத்தத்தை மீறிக் கத்தி விவரம் சொன்னாள். அவன் கையை விரித்தான். தலையை ஆட்டினான். காதைத் தொட்டுக் காட்டினான். வாயை மட்டும் திறக்கவில்லை.

“இவன்கிட்ட வாக்குமூலம் வாங்கணும்னா ஊமை பாஷை டீச்சர்தான் வரோணும் மேடம்,” என்று குணசீலன் கத்தினான். பிறகு, தோற்றவன் கடைசித் துருப்பை இறக்குவதுபோல், சந்தோஷ்குமாரின் காதருகே போனான். “ஏனுங்க, லாரிக்கும் மாமியாருக்கும் என்னங்க வித்தியாசம்?”

விடையைச் சொன்னான்.

வருகிற தையில் மாமியார் வரப்போகிற பையன் அவன். உதடு துடித்தது. கன்னம் உப்பியது. முடியவில்லை. வாய் விட்டுச் சிரித்தான். மேல்வரிசையில், வலப்பக்கம், கடைவாய்க்கு முன்னால், அரிசி மணியளவில் ஒரு பால் பல் வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

குணசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பு கிடைத்ததற்கா, ஜோக்குக்கு ஒருவர் சிரித்ததற்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

“‘வீடு’ன்னு சொல்லுங்க தம்பி,” என்றாள் அக்சிலியா.

அவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. தெரு முழுக்க ஒரு நிசப்தம். அதன் நடுவிலிருந்து, கொட்டாயின் உள்ளறையிலிருந்து, கனமான, அதிகாரமான ஒரு குரல் வந்தது.

“ம்ம்மே.”

கலெக்டர் நூல் சுற்றிய ஒரு பாவு உருளைக்குப் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தார். பாதி வேட்டியைத் தின்று முடித்து, மீதியைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார். குணசீலன் ஆசையாகக் குனிந்து வாயைப் பிரித்துப் பார்த்தான்.

“மேடம், சித்திரவத பண்ணியிருக்கான். மேல்வரிசையில முன்பல்லு ஒண்ணுகூட இல்லீங்க.”

“ஆத்துக்கு மேல முன்பல்லே கெதையாதுங்க,” என்றான் சந்தோஷ்குமார். அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் அவன் தறிப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். “நான் திருதன் இல்லீங்க. மாமன்தாங்க கெதாவக் கொந்துபோயி மறைச்சு வைன்னு குதுத்தாரு.”

“எந்த மாமன்?”

“நாச்சிமுத்து மாமன்.”

மிச்சத்தை அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னான். யுவஸ்ரீ சீட்டுக்காக அழுத ஒரு நாளில், பதற்றத்தில் வாய் தவறி வேண்டிக்கொண்டார் நாச்சிமுத்து. சீட்டு கிடைத்த அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாமிக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது. பாட்டிலில் பால் குடித்த உயிரை வெட்டக் கொடுக்கவும் முடியாது. திருடு போய்விட்டால் யார் மேலும் குற்றமில்லை. ஃபோன் பண்ணியது மட்டும் சந்தோஷ்குமாரின் சொந்த யோசனை. அத்தை அழுவாள் என்று தாங்க முடியாமல் பேசிவிட்டான்.

“அப்ப எங்களை ஏன் கூப்பிட்டாரு?” என்றாள் அக்சிலியா.

அவன் நெளிந்தான். “ராசப்பன் மாமன் துப்பறியற ஆல வைக்கோநும்னு ஒத்தக் கால்ல நின்னாருங்க. அதான் நாச்சிமுத்து மாமன் நாலு பக்கம் விசாரிச்சு... எதையும் கந்துபிதிக்காத ஆலுங்கலாப் பாத்து...”

குணசீலனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்கு அந்த பாஷை புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அக்சிலியா கலெக்டரைப் பார்த்தாள். கலெக்டர் வழக்கம்போல் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முந்தானையின் ஒரு முனையைச் சாவகாசமாக இழுத்து மென்றார். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“தம்பி, தண்ணி வை இதுக்கு,” என்றாள். “வா குணா, போலாம்.”

“எங்கீங்க?”

“வேலூர்த் தோட்டத்துக்கு. கிடைக்கலன்னு சொல்றதுக்கு.”

குணசீலன் வழி முழுக்கப் புலம்பினான். “மேடம், நம்ம கம்பெனி ஜெயிச்ச மொத கேஸுங்க இது. நாக்குல புடிச்சு, அண்ணத்துல ஏறி, எலும்புக்குள்ள பூந்து, பல்லுல போயி எறங்கியிருக்கோம். எந்தப் போலீசுக்கு இது வரும்? ஃபிளெக்ஸ் அடிக்கலாம்னு இருந்தேன்.”

“பிட் அடிக்கற எல்லாப் பிள்ளைங்களையும் நான் புடிச்சதில்ல குணா. சில சமயம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்குவேன்.”

அவன் பின்சீட்டில் இருந்தபடி வெண்ணந்தூர் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒறம்பரை முன்னால் நின்று, எவ்வளவோ முயன்றும் துப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று அக்சிலியா தலைகுனிந்து சொன்னாள். நாச்சிமுத்துவின் முகத்தில் ஒரு விநாடி விளக்கேற்றியதுபோல் வெளிச்சம் வந்தது. உடனே அதை அணைத்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இதுக்குத்தான் சேலத்துல இருந்து வந்தீங்களாக்கும். ஒரு கெடாவக் கண்டுபுடிக்கத் துப்பில்ல. பொட்டிக்கட வெக்கலாம் நீங்க.” வைத வேகத்தில் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைக் கோபம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அக்சிலியாவைக் கும்பிடப் போன கையை அவர் பாதியில் மடக்கி, மீசையை நீவிக்கொண்டதைக் குணசீலன் மட்டும் பார்த்தான்.

ஸ்கூட்டரை எடுக்கப் போனவனைக் கொடிக்கால் ஓரமாக ஒரு விசில் நிறுத்தியது.

“தம்பி, ஸித்த நில்லுங்க,” என்றார் ராசப்பன். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். “வெண்ணந்தூர்லதான இருக்குது?”

குணசீலன் அக்சிலியா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அந்தப் பையன் அண்ணத்துல திருகு போட்டுட்டு வந்து எங்கிட்டத்தான் மொதல்ல பேஸுனான். எம் பல்லு அவம் பல்லு ரெண்டையும் ஸொல்லி நாங்க ஸிரிச்ஸோம். ஃபோன்ல கேட்டதுமே தெரிஞ்ஸு போச்ஸு. ஊத்துன்னா கெணறுன்னு கெளப்பி உட்டதே நாந்தான்.”

“அப்பறம் எதுக்குங்க எங்கள வைக்கச் சொல்லி நின்னீங்க? வெள்ளிக்கெழமைக்குள்ள வந்தாகோணும்னு சொன்னீங்களே?”

“மூத்தவன் ஸும்மா இருந்தா ஒறம்பரை என்ன பேஸும்?” அவர் செருப்பால் மண்ணைக் கிளறினார். “அது குட்டியா இருக்கறப்ப எந்தம்பி ராவெல்லாம் மடியில போட்டுட்டு உக்காந்திருப்பான். அத வெட்டுனா அவன் ஒரு வாய் திங்க மாட்டான். கருப்பணாருக்கு எம் பட்டியில இருந்து வேற கெடா ஓட்டிட்டு வாரேன். ஸாமிகிட்ட நாம் பேஸிக்கறேன்.”

அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து அவன் கையில் திணித்தார். ஈரமாக, கனமாக இருந்தது.

“ஊற வெச்ஸ கொள்ளு. போற வழிதான? குடுத்துட்டுப் போங்க. தறிக் கொட்டாயில அதுக்கு என்ன கெடைக்கும், நூலும் பஞ்ஸும்தான். எளச்ஸுப் போயிரும்.”

சொல்லிவிட்டு அவர் கொடிக்காலுக்குள் நடந்துவிட்டார். கொஞ்ச தூரத்தில், ஒறம்பரை காதில் விழும்படி, ‘என்ன துப்பறியறாங்களோ, தண்டம்’ என்று அவர் வைவது கேட்டது.

குணசீலன் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினான். சொட்டுச் சொட்டாக அவன் பேன்ட் நனைந்தது.

“என்ன அது?” என்றாள் அக்சிலியா.

அவன் சொன்னான். அவள் கண்ணாடியில் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வண்டியை முடுக்கி, நாமக்கல் ரோட்டில் வெண்ணந்தூரைப் பார்த்துக் கொஞ்சம் வேகமாகவே விட்டாள். இருட்டுவதற்குள் கொள்ளு போய்ச் சேர வேண்டும்.